ஹைப்ரிட் கார்ல பினாங்கு ட்ரிப், ஒரே ஒரு 12 வோல்ட் சாக்கெட், அப்பாவோட சீபேப் மெஷின் வேற

தெம்பனிஸ்காரன்:
வணக்கம் மக்களே. ஸ்கூல் லீவுல குடும்பத்தோட பினாங்கு போறோம், எப்படியும் 700 கிலோமீட்டர் வரும், சிங்கப்பூர் எல்லையில துவாஸ் ஜாம் தனிக்கணக்கு. வண்டி ஏழு சீட்டு ஹைப்ரிட், பெட்ரோல் இன்ஜினும் பெரிய பேட்டரியும் சேர்ந்து ஓட்டுற ரகம். பிரச்சனை என்னன்னா ஆளாளுக்கு ஒரு சாமான். பசங்க ரெண்டு பேருக்கும் டேப்லெட், வைஃப் போற வழியில ஒரு மீட்டிங்ல உக்காந்தே ஆகணுமாம் அதனால லேப்டாப், அப்புறம் அப்பா. தூக்கத்துல மூச்சு அடைக்கிற பிரச்சனை அவருக்கு, மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்புற சீபேப் மெஷினை மாட்டித்தான் தூங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, மத்தியானம் சாப்பிட்டதும் கார்ல கண்டிப்பா அசந்துடுவாரு. கார்ல இருக்கிறது முன்னாடி ஒரு 12 வோல்ட் சாக்கெட், பின்னாடி ரெண்டு யூஎஸ்பி, அதுல மாட்டுனா வீடியோ ஓட ஓட சார்ஜ் ஏறாம இறங்கிட்டே போகுது. 300 வாட் இன்வெர்ட்டர் ஒண்ணு, மூணு ஓட்டை ஸ்ப்ளிட்டர் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் மாட்டிடலாம்னு இருக்கேன். இன்னொன்னு, ஜாம்ல நிக்கும்போது இன்ஜின் தானா ஆஃப் ஆகிடுதே, அப்ப சாக்கெட்டுக்கு கரண்ட் வருமா வராதா?

பழைய ஒயர்மேன்:
தம்பி, இன்னும் வாங்கலைன்னா அந்த இன்வெர்ட்டர் வேணாம். மொதல்ல கீழ போய் சாக்கெட் மூடியத் தெறந்து பாருங்க, பெரும்பாலும் 120 வாட்னு போட்டிருக்கும், 10 ஆம்பியர். சில வண்டியில 15 ஆம்பியர், 180 வாட். 300 வாட் இன்வெர்ட்டர் முழு வேலை பாத்தா 25 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதெல்லாம் பேட்டரியில நேரா கிளிப் போட்டு ஓட்டுறது. ஸ்ப்ளிட்டர்ல மூணு ஓட்டை இருந்தா என்ன, பின்னாடி ஃப்யூஸ் ஒண்ணுதானே.

அதுவுமில்லாம இது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை. கார் குடுக்கிறது டிசி, இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏசி ஆக்கும், லேப்டாப் சார்ஜர் அதைத் திரும்ப டிசி ஆக்கும், ரெண்டு தடவையும் கொஞ்சம் சூடா வீணாப் போகும். லேப்டாப் யூஎஸ்பி டைப்-சி ஒயர்ல சார்ஜ் ஆகும்னா 65 வாட் கார் சார்ஜர் போதும், நேரா டிசிக்கு டிசி. வாங்கும்போது பெட்டியில பெருசா போட்ட நம்பரை மட்டும் நம்பாதீங்க, பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க. ஒண்ணு மாட்டுனா 65, ரெண்டாவதையும் மாட்டுனா 45, 18னு பிரிஞ்சிடுற ரகம் நிறைய இருக்கு.

ஜாம் பத்திக் கவலை வேணாம். டேஷ்போர்டுல ரெடின்னு எரியிற வரைக்கும் பெரிய பேட்டரியிலேர்ந்து 12 வோல்ட்டுக்கு வந்துட்டே இருக்கும், இன்ஜின் நின்னாலும் ஓடுனாலும். ஆனா பிரேக் மிதிக்காம பட்டனை அமுக்கி வெறும் அக்சசரி மோட்ல பசங்களை விட்டுட்டு கோப்பி குடிக்கப் போயிடாதீங்க. ஹைப்ரிட்ல அந்த 12 வோல்ட் பேட்டரி பல வண்டியில சின்னது, அது செத்துச்சுன்னா பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி உசுரு வராது.

ஜூரோங் மல்லி:
சீபேப் பத்தி மட்டும் சொல்றேன், எங்க மாமனாருக்கும் இருக்கு. அதுல கரண்டைக் குடிக்கிறது காத்து மோட்டார் இல்ல, தண்ணியைச் சூடு பண்ற பகுதிதான். கார்ல அதை ஆஃப் பண்ணிடுங்க, தண்ணித் தொட்டியையும் காலி பண்ணிட்டுத்தான் கிளம்பணும், ஒரு பள்ளத்துல குலுங்குனா தண்ணி மெஷினுக்குள்ள போயிடும். மூக்கு கொஞ்சம் காயும், அவ்ளோதான். நிறைய மெஷின் 24 வோல்ட்ல ஓடுறது, அதனால அந்த மாடலுக்குன்னே விக்கிற 12 வோல்ட் கன்வெர்ட்டர் வாங்குங்க, வேற எதோட வயரையும் வெட்டி ஒட்ட வேணாம்.

ஃப்யூஸ் கதை எங்க வீட்டுலயும் உண்டு. பாகோ தாண்டி என் கொழுந்தனார் ஒரே ஸ்ப்ளிட்டர்ல பால் புட்டி சூடு பண்றதையும் டயர் பம்பையும் சேத்து மாட்டுனாரு. டப்புனு எல்லாம் போச்சு, டேஷ்கேம் உட்பட. புள்ள ஒரு பக்கம் அழுவுது, இவரு கையில இருந்த மஞ்ச ஃப்யூஸை, அது 20 ஆம்பியர், செவப்பு 10 ஆம்பியர் இருந்த எடத்துல சொருகப் பாக்குறாரு! மாமனார்தான் கையைத் தட்டி விட்டாரு, ஃப்யூஸ் போகலைன்னா உள்ள வயரு எரியும்டான்னு. அடுத்த ரெஸ்ட் ஏரியாவுல சாப்பாட்டுக் கடையில ஒரு கப் சுடுதண்ணி கேட்டோம், புட்டியை அதுல வெச்சோம், அஞ்சு நிமிஷம். இதுக்கா அவ்ளோ மெஷின்னு அத்தை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

செவப்பு 10 ஆம்பியர் ரெண்டு கைவசம் வெச்சுக்குங்க. பவர் பேங்க் கொண்டு போனா பார்க் பண்ற வெயில்ல டேஷ்போர்டு மேல விட்டுட்டு எறங்காதீங்க.

தெம்பனிஸ்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, அக்கா. இப்பதான் டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்துட்டு வந்தேன், 120 வாட்தான். இன்வெர்ட்டர் கேன்சல். சாக்கெட் அப்பா தூங்கும்போது சீபேப்புக்கு, மத்த நேரம் லேப்டாப்புக்கு, ரெண்டும் ஒண்ணா வேணாம். பசங்களுக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஆளுக்கொண்ணு, கணக்குப் பாத்தா 74 வாட் ஹவர் வருது, வீணாப் போறதைக் கழிச்சாலும் பினாங்கு வரைக்கும் தாங்கும். ராத்திரி ஹோட்டல்ல ஏத்திக்கலாம், அங்கயும் நம்ம மூணு முள்ளு ப்ளக்தான்.

இவ்ளோவும் முடிவு பண்ணிட்டு அப்பாகிட்ட சொன்னா, எனக்கு எதுக்குடா அதெல்லாம், நான் தூங்கவே மாட்டேன், நீ எப்படி ஓட்டுறேன்னு முன்னாடி உக்காந்து பாக்கணும்ங்கிறாரு. கன்வெர்ட்டர் ஆர்டர் போட்டாச்சு.