கையால் செய்த வாழ்த்து அட்டைகள் கடையில் தேங்குகின்றன, விற்க வழி சொல்லுங்கள்

காகிதக்கொக்கு:
குவில்லிங் (மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் வேலை) வாழ்த்து அட்டைகள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஏ4 தாளை இரண்டாக மடித்தது. பொருள் செலவு 35 ரூபாய், ஒன்று முடிக்க ஒன்றரை மணி நேரம், விலை 150. இரண்டு ஃபேன்சி ஸ்டோர்களில் 40 சதவீதக் கமிஷனுக்கு, விற்றால் பணம் என்ற பேச்சில் 40 அட்டை வைத்தேன். நான்கு மாதத்தில் போனது 6. இன்ஸ்டாவில் லைக் விழுகிறது, ஆர்டர் இல்லை. விலையைக் குறைக்கலாமா?

மைக்கறை:
குறைக்காதீங்க, இப்பவே கணக்கு இடிக்குது. 150-ல கடைக்கு 60, பொருளுக்கு 35. மிச்சம் 55, அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு. மணிக்கு 37 ரூபாய்கூட நிக்கல.

குவில்லிங்கை ஆர்டருக்கு மட்டும் வைங்க: பேர் போட்டு, பாதி முன்பணம் வாங்கி, 350-க்குக் குறையாம. கடைக்கு 20 நிமிஷத்துல முடியுற டிசைன் போதும். ஒரே டிசைன்ல 20 எடுங்க. எல்லாத்தையும் வெட்டி, அப்புறம் எல்லாத்துக்கும் மடிப்புக்கோடு போட்டு, கடைசியா ஒட்டுங்க.

இன்னொண்ணு, வாழ்த்து அட்டை வாங்குற பழக்கம் வாட்ஸ்அப் வந்ததும் தேஞ்சு போச்சு. மொய் கவர் தேயல. அதே கைவேலையை அதுல காட்டுங்க, 5 கவர் ஒரு செட்.

தாள்மடி:
கடையில அட்டை எந்த ஸ்டாண்டுல நிக்குதுன்னு போய்ப் பாருங்க. அடுக்குல மேல் மூணுல ஒரு பங்குதான் கண்ணுல படும். பூவும் எழுத்தும் கீழே இருந்தா வெறும் கலர் தாள்தான் தெரியும். வெயில் படுற கண்ணாடிப் பக்கம் வச்சா சாயம் வெளுக்கும். ஒவ்வொண்ணும் ஒட்டுற மூடி உள்ள பிளாஸ்டிக் உறையில போகட்டும், விரல் அழுக்கு பட்டதை யாரும் எடுக்க மாட்டாங்க. எண்ணிக்கை, விலை, கமிஷன், சேதமானா யார் பொறுப்பு, இதெல்லாம் எழுதி கடைக்காரர் கையெழுத்து வாங்குங்க. ஆறு வாரம் நகராததை எடுத்து அடுத்த கடைக்கு மாத்துங்க.

இன்ஸ்டாவுல விலையையும் எத்தனை நாள்ல கைக்கு வரும்னும் படத்துக்குக் கீழயே போடுங்க. “விலைக்கு மெசேஜ் பண்ணவும்”னு எழுதினா கேக்கவே கூச்சப்பட்டு நகர்ந்துடுவாங்க.

அஞ்சல்பெட்டி:
வெளியூருக்கு அனுப்பணும்னா சின்ன அட்டை செய்யுங்க. 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் மட்டுமே 19 கிராம் கிட்ட. சாதாரணக் கடிதத் தபால் 20 கிராம் படியில எடை போடும், உறை சேர்ந்தா அடுத்த படி. ஏ5-ஐ மடிச்சு ஏ6 ஆக்கினா 9 கிராம் சொச்சம். ஏ6 அட்டை நுழையுற சி6 உறையோட 15 கிராம் சுமார். மேடான குவில்லிங்கை உறையில போடாதீங்க, முத்திரை குத்தும்போதே நசுங்கும். அட்டைப்பெட்டிதான்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன விற்பனையாளரும் 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் சந்தைத் தளங்கள்ல பொருள் விக்கலாம், ஆனா சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும். பான் எண்ணை வச்சு ஜிஎஸ்டி தளத்துல என்ரோல்மென்ட் எண் எடுக்கணும்.

காகிதக்கொக்கு:
மொய் கவருக்கு அளவு என்ன? ஃபெவிகால் தடவினால் தாள் நெளிகிறதே?

மைக்கறை:
500 ரூபாய் நோட்டு 150 × 66 மில்லிமீட்டர். கவர் 165 × 90 இருந்தா மடிக்காம நுழையும். 120 ஜிஎஸ்எம் ஏ4-ல 195 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்க: இரண்டு முகம் 180, ஒட்டு விளிம்பு 15. உயரம் 210-ல கவர் 165, மேல் மடிப்பு 30, அடி மடிப்பு 15. மிஞ்சுற 102 மி.மீ. பட்டையில 50 × 90 அளவுல 4 கிஃப்ட் டேக் வரும், வீணாக்காதீங்க.

ஃபெவிகால்ல தண்ணி இருக்கு. ஒரு பக்க நார் மட்டும் ஊறி உப்புறதால நெளியுது. விளிம்புக்கு 6 மி.மீ. இரட்டைப் பக்க டேப் போதும். ஒரு ரூபாய் நாணயத்துக்கும் அதே டேப்.

தாள்மடி:
முகப்பு முழுக்க அலங்காரத்தைக் கொட்டிடாதீங்க. மொய் எழுதுறவருக்கு பேரும் ஊரும் வேணும். அதுக்கு இரண்டு கோடு போட்ட மேட் தாள் துண்டு ஒட்டுங்க, பளபளப்புத் தாள்ல பால்பாயின்ட் மை பிடிக்காது. ஆடி, மார்கழியில கல்யாணம் இருக்காது, ஓட்டமும் இருக்காது. அந்த மாசங்கள்ல செஞ்சு வச்சு, ஆவணிக்கும் தைக்கும் இரண்டு வாரம் முன்னாடியே கடையில இறக்குங்க. முதல்ல 10 செட் போதும்.