பேபி சேர் வாங்கியவர்கள் உங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள்

செந்தூல் அம்மா

ஆறு வாரம் ஆகிவிட்டது. இன்னும் ராத்திரி கண்ணை மூடினால் அந்த ரசவாளிதான் தெரிகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். மகனுக்கு அப்போது ஏழாவது மாதம். கடைத் தம்பி கொண்டு வந்து போட்டது எல்லாக் கடையிலும் இருக்கும் அந்த மர பேபி சேர்தான், உங்களுக்கே தெரியும். பெல்ட் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மேசையை ஒட்டி இழுத்துப் போட்டேன். இலையில் இருந்த பூசணிக்காயில் ஒரு விரல் அளவு மசித்துக் கொடுத்தேன். அவனுக்கு ஒரே குஷி. குஷி வந்தால் இவனுக்குக் கால் சும்மா இருக்காது. இரண்டு பாதத்தையும் மேசை விளிம்பில் வைத்து ஓர் உந்து உந்தினான்.

நாற்காலி பின்னங்கால் இரண்டில் நின்றது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ரசவாளியோடு வந்த தம்பி, வாளியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டியால் நாற்காலியைத் தாங்கினார். ரசம் அவர் சட்டையில் கொட்டியது. பிள்ளை மேல் ஒரு சொட்டு இல்லை. அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது, அதில் மின்விசிறியும் கூரையும்தான் தெரிகின்றன. அழிக்க மனம் வரவில்லை.

இப்போது வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டும். அடுக்குமாடி, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே. எதை வாங்கினீர்கள், என்ன ஆயிற்று?

பாயான் பாரு அப்பா

நான் வாங்கிய முதல் நாற்காலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். சக்கரம் உண்டு, சாய்த்துக்கொள்ளலாம், பஞ்சு மெத்தை, பொம்மை தொங்கவிட ஒரு கம்பிகூட உண்டு. பேரங்காடியில் அதைப் பார்த்தால் பிள்ளை பெறாதவர்களுக்கே வாங்கத் தோன்றும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, மகள் உட்காரமாட்டேன் என்று முதுகை வில்லாக வளைத்து அழுதாள். அடம் என்று நினைத்து அழுத்தி உட்கார வைத்தேன். அப்புறம்தான் அவள் தொடையில் சிவப்பு சிவப்பாகப் பார்த்தேன். மெத்தையைப் பிய்த்து எடுத்தால் அடியில் கேழ்வரகுக் கஞ்சி காய்ந்து கிடக்கிறது, அதில் எறும்பு ஊர்வலம். தையலுக்குள் போகிறது, திருகாணி ஓட்டைக்குள் போகிறது. போர்ட்டிகோவில் வைத்துக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். மெத்தை மூன்று நாள் காயவில்லை, நான்காம் நாள் பூஞ்சை நாற்றம். பினாங்கு ஈரப்பதத்தில் பஞ்சு எங்கே காயும்?

அழுத்தி உட்கார வைத்தேனே, அதுதான் இன்னும் குத்துகிறது.

பிறகு இரண்டாவது பாலத்தைத் தாண்டி, பத்து காவானில் 2019-இல் திறந்த ஐகியா தளவாடக் கடைக்குப் போய் ஆண்டிலோப் என்ற நாற்காலியை வாங்கினோம். வெறும் பிளாஸ்டிக், நான்கு கால், மேலே ஒரு ட்ரே. காலைக் கழற்றிக் குளியலறையில் நிறுத்திச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. கால்கள் அகலமாக விரிந்து நிற்கும், அதனால் லேசில் சாயாது. ஆனால் அந்தக் காலில் பெரியவர்கள் தடுக்கிக்கொள்வார்கள், என் மாமனாரைக் கேட்டால் சொல்வார். ஒரே குறை, பாதம் வைக்க இடமில்லை. தனியாக ஒரு பலகை வாங்கி மாட்டினேன்.

பட்டர்வொர்த் பாட்டி

செந்தூல் தங்கச்சி, கடையில் மடியில் வைத்துக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. நான் நான்கு பிள்ளைகளுக்குச் சோறூட்டினேன். மூன்று பேருக்கு மடி, கடைசிப் பையனுக்கு வாசல்படி. பாயான் பாரு தம்பி 600 வெள்ளிக்கு எறும்பு வளர்த்த கதையைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே ஐயா.

என் கதை சின்னது. செராஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனை அந்த உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் அவித்த கேரட்டை நீளமாக வெட்டிப் போட்டுவிட்டு, "அவனே சாப்பிடுவான்மா" என்றாள். அவன் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். "அம்மா, தூக்காதீங்க, பழக்கம் கெட்டுடும்." சமையலறைக்குள் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். அந்த இரண்டு கை. அவ்வளவுதான்.

நாற்காலி நல்லது, கெட்டது என்று எனக்குத் தெரியாது. பிள்ளை கை நீட்டினால் தூக்க வேண்டும்.

கெப்போங் அண்ணன்

பாட்டி சொல்வது மனசுக்குச் சரி. ஆனால் எட்டு மாதத்தில் என் மகனை மடியில் வைத்தால் ஒரு கை கிண்ணத்தில், இன்னொரு கை என் கண்ணாடியில். முதுகும் போய்விட்டது. எல்லார் வீட்டிலும் வாசல்படியும் இல்லை, பதினான்காம் மாடியில் இருக்கிறோம்.

மேசையில் கவ்வுகிற சேர் தெரியுமல்லவா, காலே இருக்காது, திருகி மாட்டுவது? இடம் அடைக்காது என்று அதைத்தான் வாங்கினேன். வீட்டு மேசையில் கல் மாதிரி நின்றது. தைரியம் வந்து புக்கிட் மெர்தாஜாமில் மாமியார் வீட்டுக்கும் எடுத்துப் போனேன். அங்கே வட்ட மேசை, நடுவில் ஒற்றைக் கால். மாட்டி, பையனை உட்கார வைத்துக் கையை எடுத்தேன். எதிர்ப்பக்கம் இருந்த கோப்பிக் கோப்பை தானாக அவனை நோக்கி நகர ஆரம்பித்தது. யாருமே தொடவில்லை! ஒரு நொடி, பேய் என்றே நினைத்தேன். மேசை சாய்கிறது என்று மண்டைக்கு ஏறுவதற்குள் மச்சான் மறுபக்கம் விழுந்து படுத்து மேசையை அழுத்திவிட்டார். அந்தச் சேரோடு வந்த தாளில் ஒற்றைக் கால் மேசையும் கண்ணாடி மேசையும் கூடாது என்று படமே போட்டிருந்தது. பிரித்துப் பார்க்காதவன் நான்.

பாயான் பாரு நண்பரே, ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விலை கூடினால் வீண் என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது மெத்தைக்குக் கொடுத்த விலை. நார்வேயில் பீட்டர் ஓப்ஸ்விக் தன் மகன் பெரியவர்களின் மேசையில் சரியாக உட்கார வேண்டும் என்று வடிவமைத்த டிரிப் டிராப் என்ற நாற்காலி 1972-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. உட்காரும் பலகையையும் பாதப் பலகையையும் பிள்ளை வளர வளர இறக்கிக்கொள்ளலாம். நானே அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புதிதாக வாங்க என்னால் முடியாது, பழையது கிடைத்தால் விடமாட்டேன்.

ஜெலுத்தோங் முன்னாள் நர்ஸ்

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி அன்று தங்கை வீட்டில், ஒன்பது மாதப் பிள்ளைக்கு யாரோ ஒரு சின்னப் பையன் முறுக்குத் துண்டைக் கொடுத்துவிட்டான். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை வாயைத் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய் பெல்ட்டைக் கழற்றினேன், கழற்றினேன், கழற்றினேன். என் கையெல்லாம் முறுக்கு எண்ணெய். கொக்கி வழுக்கியது. மூன்று நொடிதான் இருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது தட்டிலேயே துண்டு வெளியே வந்துவிட்டது. எனக்குத்தான் அன்றிலிருந்து எந்தக் கொக்கியைப் பார்த்தாலும் கை வியர்க்கிறது.

அதனால் செந்தூல் அம்மா, கடையில் முதலில் கொக்கியை ஒரு கையால் கழற்றிப் பாருங்கள். முடிந்தால் கையை ஈரமாக்கிக்கொண்டு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பெல்ட் இடுப்போடு நில்லாமல் தோளுக்கும் வந்தால் எழுந்து நிற்கிற பிள்ளைக்கு நல்லது. தொடைகளுக்கு நடுவே ஒரு தடுப்பு அவசியம் வேண்டும், இல்லாவிட்டால் சறுக்கி ட்ரேக்கு அடியில் போய்விடும். துப்பட்டா பெல்ட் ஆகாது. முடிச்சு இறுகினால் அவசரத்தில் அவிழ்க்கவே முடியாது.

சாய்கிற நாற்காலியில் படுத்த மாதிரி வைத்து ஊட்டாதீர்கள், உணவு தொண்டைக்குத் தானாக வழுக்கிப் போகும். முதுகு நேராக, முட்டி மடிந்து, பாதம் எதன் மேலாவது ஊன்றி இருக்க வேண்டும். நீங்களே உயரமான ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், புரியும். கொஞ்சம் பிடித்தால் உட்காருகிறது, தலை ஆடாமல் நிற்கிறது, வாயில் வைத்ததை நாக்கால் தள்ளுவதில்லை என்றால் பிள்ளை தயார். பொதுவாக ஆறு மாத வாக்கில். நாற்காலி வாங்கிவிட்டோம் என்பதற்காக நான்காம் மாதமே உட்கார வைக்காதீர்கள்.

ஓக்களிப்பதும் மூச்சடைப்பதும் வேறு. ஓக்களித்தால் இருமும், முகம் சிவக்கும், சத்தம் வரும், தானே சமாளித்துக்கொள்ளும். அப்போது விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தமே இல்லாவிட்டால்தான் ஆபத்து. ஒரு வயதுக்குள் என்றால் உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. வரவில்லையா, திருப்பி நெஞ்சு நடுவே 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், இன்னொருவர் அவசர எண் 999-க்கு அழைக்க வேண்டும். படித்தால் கை பழகாது. செம்பிறைச் சங்கத்தில் (ரெட் கிரசென்ட்) முதலுதவி வகுப்பு நடத்துகிறார்கள், போய்ப் பொம்மையில் செய்து பாருங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது, உப்பும் வேண்டாம்.

பாட்டியம்மா, தூக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தூக்குங்கள். வாயில் கேரட் இல்லாதபோது.

பாயான் பாரு அப்பா

கெப்போங்காரரே, விலையை நான் குறை சொல்லவில்லை, மெத்தையைத்தான் சொன்னேன். மறுபடியும் படியுங்கள். நர்ஸ் அக்கா, இப்போதே போய் எண்ணெய்க் கையோடு கொக்கியைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு நொடி. மனைவி ஒரு மாதிரி பார்க்கிறாள்.

பட்டர்வொர்த் பாட்டி

வாயில் கேரட் இல்லாதபோது என்றால் சரி.

செந்தூல் அம்மா

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அக்கா தன் மகன் உட்கார்ந்த பழைய பிளாஸ்டிக் சேரைக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பெல்ட் நன்றாக இருக்கிறது, ஒரு கையால் கழல்கிறது, இரண்டு நொடி. திருகாணி ஒன்று குறைந்தது, புதிது போட்டாயிற்று. மேசையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் போடுகிறேன். எதையாவது உந்தலாமா என்று காலை நீட்டி நீட்டிப் பார்க்கிறான், எட்டவில்லை, கோபம் வருகிறது. பாதத்துக்கு இப்போதைக்குப் பால் மாவு டின்னைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பாயான் பாரு அண்ணா, அந்த எறும்புக்குக் கடைசியில் என்னதான் செய்தீர்கள்? இங்கேயும் இன்று காலையில் நான்கைந்து பார்த்தேன்.