வேலை வெறும் சட்டையா?

நேர்கோடு:
ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆன பிறகும் "நான் கணக்கு அதிகாரி" என்று அறிமுகம் செய்துகொள்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வேலை ஒரு சட்டை. வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டிவிட வேண்டும்.

அச்சுக்கோப்பவன்:
31 வருடம் ஈய எழுத்து கோத்தவன் நான். இடவலம் மாறிய எழுத்தைப் படித்தே பழகிய கண். இன்றைக்கும் ஒரு தாளைக் கையில் எடுத்தால் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் முதலில் தெரியும், செய்தி அப்புறம்தான். இதை எந்த ஆணியில் மாட்டுவது? லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் உரிமம். மூளை ஆய்வாளர் எலினார் மக்வாயரின் குழு அவர்களை ஸ்கேன் செய்து பார்த்தது. ஹிப்போகேம்பஸ், அதாவது மூளையில் நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் பகுதி, அதன் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததாக 2000-இல் எழுதினார்கள். சட்டை மூளையைத் தொடுமா?

நேர்கோடு:
அதே குழு 2006-இல் பேருந்து ஓட்டுநர்களையும் பார்த்ததே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அவர்களுக்கு அப்படி இல்லை. அதே ஊர், அதே நெரிசல்.

அச்சுக்கோப்பவன்:
பேருந்துக்கு வழித்தடம் ஒன்றுதான், தெரு தேட வேண்டியதில்லை. வேலை வேறு, அதனால் மூளையும் வேறு. நான் சொல்வதும் அதுதானே!

நேர்கோடு:
தெரு நினைவு இயல்பிலேயே உள்ளவர்கள் டாக்சிக்கு வந்திருப்பார்கள்.

அச்சுக்கோப்பவன்:
அதே குழுவின் 2011 ஆய்வைப் படியுங்கள். பயிற்சிக்கு வந்த 79 பேருக்கும் தொடக்கத்தில் வித்தியாசம் இல்லை. தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும் பிறகு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

நேர்கோடு:
தேறாதவர்களும் தெருத்தெருவாகச் சுற்றியவர்கள்தானே? பேருந்துக்கும் பதில் வரவில்லை.

மாடிப்படி:
நான் 27 வருடமாக வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் கோடு போடுகிறேன். மாமியார் படுக்கையில் கிடந்த ஆறு வருடமும் அவருடைய இருமலுக்கு எழுந்தவள். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது, இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. இது வேலையா இல்லையா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

அச்சுக்கோப்பவன்:
வேலைதான் அம்மா, சந்தேகமே வேண்டாம். ஆனால் இவர் பேருந்து விஷயத்தில் தோற்றதை ஒத்துக்கொள்ளட்டும். ஒரே தடம்! அதற்கு எதற்கு வரைபடம்?

நேர்கோடு:
தோற்றேனா? போன மாதம் நான் மனம் நொந்து "வேலைக் கிடைக்கவில்லை" என்று எழுதியபோது, "க் வராது" என்று மட்டும் பதில் போட்டவர் நீங்கள். அறிவுரை சொல்ல வந்துவிட்டீர்கள்.

அச்சுக்கோப்பவன்:
அங்கே க் வராதுதான் தம்பி. தப்பு கண்ணில் பட்டால் எனக்குக் கை நிற்காது. 31 வருடப் பழக்கம்.

நேர்கோடு:
எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது இலக்கணமா?

மாடிப்படி:
எனக்கு இவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேர்கோடு:
சொல்கிறேன். முதலில் அவர் பேருந்துக்குப் பதில் சொல்லட்டும்.

அச்சுக்கோப்பவன்:
மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: பேருந்துக்கு ஒரே தடம்.