ஒரு நிமிஷம் நில்லுன்னா 49 நாள் நின்ன கதை (ஓடுற புரோகிராமைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற ஸ்லீப், டிலே கட்டளைகள்ல உங்க அனுபவம் என்ன?)

மேலூர்க்காரன்:
எங்க சித்தப்பாவுக்கு மேலூர் பக்கம் கிணத்துப் பாசனம். த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் மோட்டார் தானா ஓடணும். ஆனா வந்த கையோட ஓடக்கூடாது, வோல்டேஜ் நிதானத்துக்கு வர்ற வரைக்கும் பொறுக்கணும். ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்துல ஒரு ஆர்டுயினோ ஊனோவும் (புரோகிராம் ஏத்துற குட்டி சர்க்யூட் போர்டு) ரிலேயும் (அது சொன்னபடி கரண்டைப் போட்டு நிறுத்துற சுவிட்ச்) வச்சேன். வீட்டுல டிலே(30 * 1000) போட்டு (டிலேக்கு மில்லிசெகண்டு கணக்கு, ஒரு செகண்டுக்கு 1000), மோட்டாருக்குப் பதிலா பல்பை மாட்டிப் பார்த்தேன். அரை நிமிஷத்துல டான்னு எரிஞ்சுச்சு.

தோட்டத்துக்குப் போனா சித்தப்பா, "அரை நிமிஷம் பத்தாதுப்பா, ஒரு நிமிஷமா வையி"ன்னார். வரப்புல உட்கார்ந்தே 30-ஐ 60 ஆக்கி ஏத்திட்டு மதுரைக்கு பஸ் பிடிச்சேன்.

ராத்திரி போன். "கரண்டு வந்து ஒரு மணி நேரமாச்சு, மோட்டார் மூச்சு விடல. என்னடா பண்ணி வச்சிருக்க?"

ரிலேயை மாத்தினேன், வயரை மாத்தினேன். ரெண்டு நாள் போச்சு. கடைசில கம்பைலர் (எழுதின புரோகிராமை போர்டுக்குப் புரியற மாதிரி மாத்துறது) எச்சரிக்கைகளைக் காட்டுற செட்டிங்கைப் போட்டப்பதான் பிடிபட்டுச்சு. ஊனோவுல இன்ட்ங்கிற முழு எண் வகை 16 பிட்தான், 32767-க்கு மேல தாங்காது. 30 * 1000 அதுக்குள்ள அடங்கிடும். 60 * 1000 வழிஞ்சு -5536 ஆயிடும். டிலே வாங்குறதோ மைனஸ் தெரியாத 32 பிட் எண். அது கைக்குப் போனதும் -5536 வந்து 4294961760 மில்லிசெகண்டு. அதாவது 49 நாள் 17 மணி நேரம்!

நேரா 60000-ன்னு எழுதியிருந்தா ஓடியிருக்கும், கம்பைலர் அதை லாங்கா, அதாவது இன்ட்டை விடப் பெரிய எண் வகையா எடுத்துக்கும். படிக்க அழகா இருக்கட்டும்னு பெருக்கல் போட்டதுதான் வினை. இப்ப 60-க்குப் பின்னாடி யுஎல் (மைனஸ் இல்லாத 32 பிட் எண்ணுன்னு சொல்ற குறி) ஒட்டியாச்சு.

லேப் அண்ணன்:
நம்ம கதை சின்னது. விண்டோஸ்ல ஓடின சி புரோகிராமை லேப்ல இருந்த லினக்ஸுக்கு மாத்தினேன். ஸ்லீப்(5000) இருந்துச்சு. பெரிய எஸ்ஸை சின்ன எஸ் ஆக்கினதும் கம்பைல் ஆயிடுச்சு, சந்தோஷம். விண்டோஸ் ஸ்லீப் மில்லிசெகண்டு, லினக்ஸ் ஸ்லீப் செகண்டு. 5 செகண்டு நிக்க வேண்டியது ஒண்ணே கால் மணி நேரத்துக்கும் மேல நிக்கும். பசங்க டீ குடிச்சு, வடை தின்னு திரும்பி வந்தும் கர்சர் மினுக்கிக்கிட்டே இருந்துச்சு.

இலந்தைக்குளம் ஐடி:
எனக்கு நேர் எதிர், நிக்கவே இல்லை. பைத்தான்ல டைம்.ஸ்லீப்(5)னா 5 செகண்டு, 0.5 குடுத்தாலும் கேட்டுக்கும். அதே நினைப்புல கோ மொழியிலயும் வெறும் 5 போட்டேன். கோவுல அது 5 நானோசெகண்டு. எர்ரரும் வராது. எஸ்எம்எஸ் அனுப்புற சர்வரை விடாம தட்டி, அவங்க எங்க கணக்கையே முடக்கிட்டாங்க. 5 * டைம்.செகண்ட்னு எழுதணும். மேனேஜர்கிட்ட "நெட்வொர்க் பிரச்சினை"ன்னு சொன்னதை இங்கதான் ஒத்துக்கிறேன்.

பூ மார்க்கெட் பொண்ணு:
அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கடை. மல்லிகை விலை தானா மாறுற பலகைக்கு ஒரு பக்கம் எழுதினேன். ஜாவாஸ்கிரிப்ட்ல ஸ்லீப்னு ஒண்ணு இல்லைன்னதும், மணியைப் பார்த்துக்கிட்டே சுத்துற ஒரு வைல் லூப் போட்டேன். ஸ்க்ரோல் ஆகல, பட்டன் அமுங்கல, பழைய லேப்டாப்போட ஃபேன் மட்டும் கத்துச்சு. அப்புறம் செட்டைம்அவுட்டை (குறிச்ச நேரம் கழிச்சு கூப்பிடுறது) ஒரு ப்ராமிஸுக்குள்ள (பின்னாடி முடியப்போற வேலைக்கான டோக்கன் மாதிரி) வச்சு, அது முடியற வரை காத்திருன்னு அவெய்ட் போட்டேன். அந்த ஃபங்ஷன் மட்டும் நிக்கும், மத்த வேலை ஓடும்.

மேலூர்க்காரன்:
தங்கச்சி சொன்ன நோய் எனக்கும் வந்துச்சு. டிலே ஓடுற அந்த ஒரு நிமிஷம் நிறுத்துற பட்டனை புரோகிராம் கவனிக்கிறதே இல்லை. சித்தப்பா விரலை எடுக்காம அமுக்கிக்கிட்டே நிப்பார். போர்டு ஓட ஆரம்பிச்சு எத்தனை மில்லிசெகண்டு ஆச்சுன்னு சொல்ற மில்லிஸை வச்சு, எவ்வளவு நேரம் போச்சுன்னு கழிச்சுப் பார்க்கிற மாதிரி மாத்திட்டேன், இப்ப தொட்டதும் நிக்குது. அவர் இன்னும் ஒரு நிமிஷம் அமுக்கிட்டுதான் விடுறார்.