காலிபனில் வீழ்ந்தவர்கள் எல்லாருமே துரோகிகளா?

வார்ஹேமர் 40,000 கதையுலகம் தெரிந்தவங்க கொஞ்சம் உதவுங்க. டார்க் ஏஞ்சல்ஸ் படையிலிருந்து லூதர் பக்கம் நின்று பிரிந்த ‘வீழ்ந்தவர்கள்’ (Fallen) பற்றித்தான் கேள்வி. அந்தப் படையின் தலைவர் லயன் எல்ஜான்சன் தான் வளர்ந்த கோளான காலிபனுக்குத் திரும்பியபோது அங்கிருந்து அவர் கப்பல்களைச் சுட்டார்கள், சரி. ஆனால் காலிபனில் பொறுப்பிலிருந்த லூதரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த சாதாரண வீரனும், பிற்பாடு கேயாஸ் என்ற தீய சக்திகளுக்கு விலைபோனவனும் ஒரே தட்டிலா? வார்ப் என்ற மாய வெளியில் எழுந்த புயல் அவர்களை வெவ்வேறு காலங்களில் வீசியது; ஒருவனுக்கு அது நேற்று நடந்தது, இன்னொருவனுக்குப் பல நூற்றாண்டு. மனந்திருந்தும் ஒவ்வொருவனுக்கும் விசாரணைச் சாப்ளினுக்கு (வீழ்ந்தவர்களை விசாரிக்கும் படைக் குரு) அடையாளமாக ஒரு கறுப்பு முத்து. வதையில் வந்த வாக்குமூலம்தான், அதை எவ்வளவு நம்புவது? பிற்காலத்தில் லயனே மீண்டு வந்து வீழ்ந்தவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டாரே!

எனக்கு வேண்டியது: வருவது லயன் என்று தெரியாமலே சுட்டவர்கள் பற்றி எந்தப் பகுதியிலாவது நேரடியாக வருகிறதா? விசாரணையில் சொன்னதையும் கதைசொல்லி சொல்வதையும் பிரித்துச் சொல்லுங்க.