பேஸ் கிட்டாரில் வேண்டாத கரகரப்பு: உங்களுக்கு எங்கே மாட்டியது?

ஹட்டன்:
தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எங்கள் குழு வாசிப்பு. ஈ கம்பியை ஓங்கி இழுத்தால் மட்டும் "பர்ர்" என்று கரகரத்தது. மெதுவாக வாசித்தால் சுத்தம். வேண்டுமென்றே கரகரப்பு ஏற்றும் ஓவர்டிரைவ் பெடல் (காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட் பெட்டி) அணைத்தே இருந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆம்பில் ஹெட்போனைச் செருகினேன், அதிலும் அதே கரகரப்பு. சரி, ஸ்பீக்கர் தப்பியது. பெடல்களை எல்லாம் விலக்கிவிட்டு கிட்டாரை நேரே ஆம்புக்குக் கொடுத்தேன். அப்போதும் போகவில்லை.

என்னுடையது ஆக்டிவ் பேஸ், அதாவது சிக்னலைக் கூட்டும் ப்ரீஆம்ப் கிட்டாருக்குள்ளேயே பெட்டரியில் ஓடும் வகை. பின்மூடியைக் கழற்றி 9 வோல்ட் பெட்டரியை மீட்டரில் பிடித்தால் 6 வோல்ட்டுக்கும் கீழே. ப்ரீஆம்புக்கு அது போதாது. ஓங்கி வரும் சத்தத்தின் உச்சி நறுக்கென்று வெட்டுப்படும், அதுதான் அந்தக் கரகரப்பு. இந்த வகைக் கிட்டார்களில் பெரும்பாலும் வயரின் ஜாக்தான் சுவிட்ச். வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்காவிட்டால் பெட்டரி ராத்திரி முழுக்க இறங்கும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை.

நுவரெலியா:
எனக்கு பெட்டரி புதுசு, ஆனாலும் கரகரத்தது. ஆக்டிவ் பேஸின் சிக்னல் முதல் பெடலுக்குத் தாங்க முடியாத அளவு பலம். கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைத்ததும் நின்றது. ஆம்பில் ஆக்டிவ், பாஸிவ் (உள்ளே ப்ரீஆம்ப் இல்லாத கிட்டாருக்கு) என்று இரண்டு இன்புட் இருந்தால் ஆக்டிவில் செருகுங்கள். ஆனால் கெடுவது முதல் பெடலிலேயே என்றால் ஆம்ப் பக்கம் என்ன செய்தும் பிரயோசனமில்லை.

இன்னொன்று, வயரை அசைத்தால் "கரக் கரக்" என்று விட்டு விட்டு வந்தால் அது வேறு வியாதி. எங்கள் ஊர் மூடுபனிக்கு ஜாக்கில் பச்சை பூத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஜாக்கை நாலு தரம் செருகி எடுத்தால் போதும்.

பண்டாரவளை:
அண்ணே, ஒரே அடப்டரில் எல்லாப் பெடலையும் வரிசையாகக் கொளுவியிருந்தேன். டிஜிட்டல் பெடல் ஒன்றே 300 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அடப்டர் தாங்காமல் வோல்ட் இறங்கியதும் மற்றப் பெடல்களும் கரகரத்தன. டிஜிட்டலுக்குத் தனி அடப்டர் போட்டேன், சரியாகிவிட்டது. அப்புறம், 18 வோல்ட் கொடுத்தால் இன்னும் சுத்தமாகக் கேட்குமாமே, கொடுக்கலாமா?

ஹட்டன்:
தம்பி, பெடலிலேயே 18 என்று போட்டிருந்தால் மட்டும். இல்லாவிட்டால் புகைதான் வரும்.