பாரசீகச் செவ்வியல் கவிதையில் உவமை தேய்ந்துபோனதா?

தொடுவானம்:
பதினோராம் நூற்றாண்டில் கஸ்னவி அரசர்களின் அவையில் பாடிய பாரசீகக் கவிஞர் மனூசெஹ்ரி, இலையுதிர் காலத்துத் திராட்சை இலை சாயக்காரர் சட்டையைப் போல இருக்கிறது என்றார். அந்தச் சட்டையைக் கண்ணால் கண்டவரே அப்படிச் சொல்ல முடியும். முந்நூறு ஆண்டுகள் கழித்து ஈரானின் ஷீராஸ் நகரில் கவிஞர் ஹாஃபிஸ் பாடும்போது, காதலுக்குரியவரின் உயரத்துக்குச் சைப்ரஸ் மரம், கண்ணுக்கு நர்கிஸ் மலர், புருவத்துக்கு வில், இதழுக்கு மாணிக்கம் என எல்லாம் முன்பே முடிவாகிவிட்டிருந்தன. பார்த்துச் சொன்ன உவமை, பட்டியலிலிருந்து எடுத்துச் சொல்லும் உவமையாகிவிட்டது என்பதே என் குறை.

கீழைக்காற்று:
அந்தப் பட்டியல் ஹாஃபிஸ் காலத்தில் வந்ததன்று. மனூசெஹ்ரியின் காலத்துக் கவிஞர்களான உன்சூரியும் ஃபர்ருகியும் அதைத் தாராளமாகவே கையாண்டார்கள். ஹாஃபிஸின் ஒரு கஸல் பாடல், வானத்தின் பச்சை வயலையும் புதுப்பிறையின் அரிவாளையும் கண்டபோது தன் விதைப்பும் அறுவடைக் காலமும் நினைவுக்கு வந்ததாகத் தொடங்குகிறது. பிறையை அரிவாள் என்பதில் பெரிய புதுமை இல்லைதான். ஆனால் அந்த அரிவாள் வானத்தோடு நின்றுவிடாமல், நீ வாழ்நாளில் விதைத்தது என்ன என்று கணக்குக் கேட்கிறதே!

தொடுவானம்:
‘போல’ இல்லாத அந்த வரி உவமை அன்று, உருவகம். உவமைக்காக வாதாட உருவகத்தைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்.

கீழைக்காற்று:
நம் அணியிலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி. பாரசீக அணிநூலார் கோடு கிழித்த இடம் வேறு. ‘தாஸே மஹே நவ்’ (புதுப்பிறையின் அரிவாள்) என்ற தொடரில் பிறையும் அரிவாளும் சேர்ந்தே நிற்பதால், உவம உருபு தொக்கிருந்தாலும் அவர்களுக்கு அது தஷ்பீஹ், அதாவது உவமையே. உவமிக்கப்படும் பொருள் மறைந்து உவமானம் மட்டும் நின்றால்தான் இஸ்திஆரா, அதாவது அவர்களுடைய உருவகம். ‘அசைந்து நடக்கும் என் சைப்ரஸ் ஏன் சோலையை நாடுவதில்லை’ என்று ஹாஃபிஸ் கேட்கும்போது காதலுக்குரியவர் வரியிலேயே இல்லை. தலைமுறை தலைமுறையாக உவமை சொல்லிப் பழக்கியிராவிட்டால் அந்தக் கேள்வி யாருக்குப் புரிந்திருக்கும்?

ஏட்டுச்சுவடி:
இடையில் ஒரு சொல். பன்னிரண்டாம் நூற்றாண்டு அணிநூலார் வத்வாத் ‘தஃப்ஸீல்’ என்றொரு வகை வகுத்தார். சைப்ரஸைப் போன்றவர், ஆனால் சைப்ரஸ் நடக்காதே என்று, சொன்ன உவமையையே குறைத்துக் காட்டுவது அது; நம் வேற்றுமையணிக்கு உறவு.

தொடுவானம்:
நடக்காத சைப்ரஸும் பலர் வாயில் பட்டியலுக்குள் போனதுதான். அரிவாள் வரியில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். சாயக்காரர் சட்டையை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கீழைக்காற்று:
அதுவும் கண் மட்டும் தந்ததன்று. மூலத்தில் ‘ரஸான்’ திராட்சைக்கொடி, ‘ரங்ரஸான்’ சாயக்காரர். இயைபு தேடிய காதுக்கும் அதில் பங்குண்டு.

தொடுவானம்:
சாயக்காரரை ஒலி அழைத்து வந்திருக்கலாம். அவர் சட்டையில் எல்லா நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும் என்பதை எந்த ஒலி சொல்லிக் கொடுத்தது?